“நா எடுக்கலீங் மாமா... என்ற கேரக்டர்தான் எடுத்துச்சு!” - ஜமக்காளத்தில் நடந்த ஒரு திருட்டு

போன மே மாதம் பவானியில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு திருட்டு நடந்தது. திருடு போனது 40 பொற்காசு. எடுத்தவனுக்கு வயது 13, என் பெரிய அக்காவின் இரண்டாவது மகன். பறிகொடுத்தவளுக்கு வயது 11, சின்ன அக்காவின் மகள். பொற்காசு என்று ஒன்று உண்மையில் கிடையாது. ஆனால், அன்று ராத்திரி அந்தப் பிள்ளை சாப்பிடாமல் படுத்தது உண்மை. மறுநாள் காலை இரண்டு அக்காக்களும் முகம் கொடுத்துப் பேசாமல் காபி குடித்ததும் உண்மை.

காரணம் நான்தான். கோவையில் நான் வேலை பார்க்கும் இடத்தில் நண்பர்கள் சிலர் சனிக்கிழமை இரவுகளில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுவார்கள். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் முதல் எபிசோடில் நான்கு பையன்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பார்களே, அதே விளையாட்டு. நானும் இரண்டு வருஷமாக அதில் சேர்ந்து ஆடுகிறேன். லீவுக்கு வந்த பசங்க ஆளுக்கொரு மூலையில் போனும் கையுமாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, “வாங்கடா, ஒரு கதை விளையாட்டு ஆடலாம்” என்று இழுத்து உட்கார வைத்தேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். “காட்டுப் பாதை ரெண்டா பிரியுது. இடது பக்கம் புகை வாசனை அடிக்குது. என்ன பண்றீங்க?” என்று கதை நடத்துபவர் கேட்பார். “மரத்துல ஏறிப் பாக்கறேன்” என்று ஒருவர் சொல்லலாம். “புகை வர்ற பக்கம் போயி சோறு கெடைக்குமான்னு கேக்கறேன்” என்று இன்னொருவர் சொல்லலாம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் 20 பக்கம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் காரியம் ஜெயம். சின்ன எண் விழுந்தால் கிளை முறியும். கடைசியில் ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. கதை போய்க்கொண்டே இருக்கும்.

தாயம் ஆடும்போது காயை எங்கே நகர்த்தலாம் என்பதைக் கட்டம் சொல்லிவிடும். இதில் கட்டமே இல்லை. வாயால் சொல்ல முடிந்த எதையும் செய்து பார்க்கலாம். பசங்களுக்கு இது பிடித்துப்போனது அதனால்தான். வம்பு வந்ததும் அதனால்தான்.

கதை நடத்துபவரை ஆங்கிலத்தில் ‘டன்ஜன் மாஸ்டர்’ என்பார்கள். பசங்க என்னை ‘மாஸ்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்ததும் என் அம்மா சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்து, “என்ன மாஸ்டர்? பரோட்டா மாஸ்டரா?” என்றார். அதோடு அந்தப் பட்டம் ஒழிந்தது. மறுபடியும் மாமா.

இதற்கு ‘டேபிள் டாப்’ விளையாட்டு என்றுதான் பெயர். ஐந்து பேர் உட்காரும் மேஜைக்கு எங்கள் வீட்டில் எங்கே போவது? ஜமக்காளத்தை விரித்தோம். பவானியில் அதற்கா பஞ்சம்! அதன் அகலமான வண்ணப் பட்டைகளே எங்களுக்கு வரைபடம். நீலப் பட்டை ஆறு. பச்சை, பர்கூர் மலைக்காடு. சிவப்பு, அந்தியூர்ச் சந்தை. அம்மாவின் தையல் டப்பாவில் இருந்து எடுத்த சட்டைப் பொத்தான்கள்தான் ஆட்கள்.

கதையும் உள்ளூர்க் கதையாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ‘சந்தைக்கு வந்த வெள்ளைக் குதிரை ஒன்று ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போய்விட்டது. சந்தை கலைவதற்குள் கண்டுபிடித்துக் கொண்டுவர வேண்டும்’ என்று ஆரம்பித்தேன். பெரிய அக்காவின் மூத்தவன், 15 வயது, குதிரை வியாபாரி ஆனான். இளையவன் திருடன். சின்ன அக்கா மகள் நாட்டு வைத்தியச்சி. பக்கத்து வீட்டில் இருந்து வந்த 8 வயதுப் பொடியன், “நா கூத்துக்காரனுங்” என்றான்.

முதல் நாள் மதியம் அமர்க்களமாகப் போனது. வைத்தியச்சி, சந்தையில் நோய்வாய்ப்பட்ட ஒரு குதிரையைக் குணப்படுத்திவிட்டு அதன் சொந்தக்காரரிடம் கூலி பேசினாள். சொந்தக்காரராகப் பேசியது நான். 10 காசுக்கு மேல் தர மாட்டேன் என்று சாதித்தேன். அரை மணி நேரம் விடவில்லை அவள். கல்யாண வீட்டில் பேர் கேட்டால்கூட அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை, என்னிடம் பேரம் பேசி 40 காசு வாங்கினாள். வழிச்செலவுக்கு எல்லோருக்கும் பொதுவாக அதைத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கதையில் இருட்டியது. தாமரைக்கரை பக்கம் ஒரு மரத்தடியில் கூடாரம். “எல்லாரும் தூங்கறாங்கல்ல மாமா? நா அந்தப் பணப்பையை எடுத்துட்டுக் கெளம்பறேன்” என்றான் திருடன். நான் யோசிக்கவே இல்லை. “உருட்டு” என்றேன். பதினெட்டு விழுந்தது. “எடுத்துட்டே” என்றேன்.

“என்ற பையில இருந்து என்னைக் கேக்காம எப்புடி எடுப்பே?” என்று கேட்டாள் அவள். அதற்கு அவன் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. “திருடன்னா திருடத்தானுங் செய்வான்?” என்று கூடுதலாக ஒரு வார்த்தையும் சொன்னான்.

பொத்தான்களைக் கலைத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

உலகம் முழுக்க ஒரே சாக்கு

“என் கேரக்டர் அப்படித்தான் செய்யும்” என்ற வாதம் என் அக்கா மகனின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். இந்த விளையாட்டு ஆடப்படும் எல்லா ஊர்களிலும் இது உண்டு. அதற்கு ‘மை கை சிண்ட்ரோம்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கோவையில் என் நண்பர்கள் கூட்டத்திலும் ஒருவர் இப்படித்தான். முப்பத்தைந்து வயது, நல்ல சம்பளம், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. நாங்கள் மூன்று வாரம் பேசிப் பேசி நட்பாக்கி வைத்திருந்த ராஜாவை நாலாவது வாரம் ஒரே வெட்டாக வெட்டிவிட்டு, “என் ஆளு கோவக்காரன்” என்றார்.

வாதத்தைக் கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்தத் திருடனைத் திருடனாகப் படைத்தது யார்? யாரிடம் திருடுவான், யாரிடம் திருட மாட்டான் என்பதை முடிவு செய்கிறவர் யார்? பொத்தானுக்கு மூளை கிடையாது. அவன்தான் முடிவு செய்கிறான்.

இதில் என் பங்கும் உண்டு. ‘பகடை விழுந்துவிட்டது, நான் என்ன செய்ய?’ என்று நானும் ஒளிந்துகொண்டேன். பகடையை எப்போது உருட்டுவது என்பதை முடிவு செய்வது கதை நடத்துகிறவர்தான். உருட்டுவதற்கு முன்னால் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

இந்த விளையாட்டு பிறந்ததே ஒரு குழப்பத்தில்தான். 1969-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் - செயின்ட் பால் பகுதியில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர், நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். வழக்கமாக ஆளுக்கொரு படை கொடுப்பார்கள். இவர் ஒரு மாற்றம் செய்து, பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரின் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆளுக்கொரு பாத்திரமும் ஆளுக்கொரு நோக்கமும் கொடுத்தார். ஆட்டம் ஆரம்பிப்பதற்குள் ஆட்கள் தனித்தனியாகப் போய்ப் பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு பேர் வந்து, “நாங்கள் வாள் சண்டைக்குச் சவால் விட்டுக்கொண்டோம், யார் ஜெயித்தது சொல்” என்று நின்றார்கள். அதற்கு விதியே கிடையாது. வெஸ்லி அங்கேயே ஒன்றை இட்டுக்கட்டினார். போர் நடக்கவே இல்லை. ஆட்டம் தோல்வி என்று அவர் நொந்துபோக, ஆடியவர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள்.

ஆடியவர்களில் ஒருவர் டேவ் ஆர்னசன். அவர் இந்தச் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டு ‘பிளாக்மூர்’ என்ற மாய உலகத்தை உருவாக்கினார். தன் ஆட்டக்காரர்களைக் கோட்டைக்கு அடியில் உள்ள இருட்டுச் சுரங்கத்துக்குள் இறக்கிவிட்டார். உள்ளே பூதம் இருக்கும்போது ஒருவர் காலை ஒருவர் வாரினால் யாருமே வெளியே வர முடியாது. பிறகு கேரி கைகாக்ஸும் அவரும் சேர்ந்து 1974-ல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிகளை வெளியிட்டார்கள். ஒரு நடுவரை வைத்துக்கொண்டு 4 முதல் 50 பேர் வரை ஆடலாம் என்று அதில் போட்டிருந்தார்கள். ஐம்பது பேரை வைத்து ஆடுவதா! நான் நான்கு பேரோடு பட்ட பாடு எனக்குத் தெரியும்.

கூட்டம் பெரிதானதும் ‘காலர்’ என்று ஒருவரை வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. எல்லோரும் தங்களுக்குள் பேசி முடித்து, குழு என்ன செய்யப்போகிறது என்பதை அவர் ஒருவர்தான் நடுவரிடம் சொல்வார். 1981-ல் வந்த ஆரம்பநிலை விதிப் புத்தகத்திலும் அந்தப் பதவி இருக்கிறது. இப்போது ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. ஏன் ஒழிந்தது என்பதைப் பின்னால் என் மூத்த மருமகனே எனக்குக் காட்டிக்கொடுத்தான்.

நேர் எதிரான விளையாட்டும் உண்டு. 1984-ல் வந்த ‘பாரனாயா’. அதில் எல்லோருக்கும் ரகசியம் உண்டு, எல்லோரும் துரோகிகள். ஒருவர் செத்தால் அவருடைய அடுத்த நகல் வந்து நிற்கும், ஆளுக்கு ஆறு நகல். முதுகில் குத்து வாங்கியவரும் விழுந்து விழுந்து சிரிப்பார். காரணம், உட்காரும்போதே எல்லோருக்கும் தெரியும், இது முதுகில் குத்துகிற விளையாட்டு என்று.

எங்கள் வீட்டில் நடந்தது என்ன? திருடன் ஆடியது அப்படி ஓர் ஆட்டம். வைத்தியச்சி ஆடியது, நான்கு பேர் சேர்ந்து குதிரை தேடுகிற ஆட்டம். ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் வெவ்வேறு விளையாட்டு ஆடியிருக்கிறார்கள். எது நம் விளையாட்டு என்று முதலிலேயே பேச வேண்டியவன் நான். பேசவில்லை.

அம்மிச்சி பார்த்த கூத்து

மறுநாள் மதியம் வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா கேட்டார். “நீங்க ஆடறது கூத்துதானே? அப்புறம் எதுக்கு இந்த ரகளை?”

அம்மா சின்ன வயதில் விடிய விடியக் கூத்து பார்த்தவர். பாரதக் கூத்தில் பாட்டு பாடமாக இருக்கும், கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் நடுவில் வரும் பேச்சில் பெரும்பகுதி அந்த நேரத்தில் வாயில் வருவதுதான். அதிலும் கோமாளிக்கு எல்லை கிடையாது. துரியோதன மகாராஜாவைப் பார்த்து, “ரேஷன்ல இந்த மாசம் சக்கரை போடலையே, கேட்டீங்களா?” என்று கேட்கலாம்.

“ஒருக்கா கிருஷ்ணன் வேஷம் கட்டறவரு பஸ்ஸை வுட்டுட்டாரு. ஆளே வரலை. கோமாளி அரை மணி நேரம் ஊர்க்கதை பேசி ஓட்டுனாரு பாரு, வயிறு வலிக்கச் சிரிச்சோம். திரௌபதி ரெண்டு பாட்டு சேத்திப் பாடுனாரு. கிருஷ்ணன் வேர்க்க விறுவிறுக்க வந்து எறங்குனதும் கோமாளி சட்டுனு ஓரமா ஒதுங்கிட்டாரு. ‘சாமி வர்றாரு, வழி வுடுங்க’ன்னு. அவரு நெனச்சிருந்தா இன்னொரு மணி நேரம் அவரே ஆடியிருக்கலாம். சனங்களும் கேட்டிருக்கும்.”

அவ்வளவுதான் சொன்னார். வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நான்கு பேரையும் மறுபடி உட்கார வைத்தேன். பகடை இல்லை, பொத்தான் இல்லை, பேச்சு மட்டும். விளையாட்டுக்காரர்கள் இதை ‘செஷன் ஜீரோ’ என்பார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் பேசுவது. நான் ஆட்டம் உடைந்த பிறகு பேசினேன். கேட்டது ஒரே கேள்வி. இந்த நான்கு பேரும் ஏன் சேர்ந்து போகிறார்கள்?

நேரம் பிடித்தது. திருடன்தான் முதலில் வாயைத் திறந்தான். “என்ற அம்மாவுக்குச் சீக்கு வந்தப்ப இவதான் மருந்து குடுத்தா. அதனால இவகிட்ட மட்டும் திருட மாட்டேன்.” அவள் இன்னும் கோபம் ஆறாமல், “அப்ப எங்ககிட்டெல்லாம்?” என்று கூத்துக்காரனைக் காட்டினாள். கொஞ்ச நேரம் பேரம் நடந்தது. கடைசியில் ஒரு விதி வந்தது. கூட இருப்பவர்மேல் எதையாவது செய்வதானால் பகடை முடிவு செய்யாது; யார்மேல் செய்கிறோமோ அவர்தான் அது பலித்ததா இல்லையா என்று சொல்வார். இந்த விதி வேறு இடங்களிலும் உண்டு. ஆனால் அவர்களே பேசிக் கண்டுபிடித்தது போல இருக்கட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

பணப்பை? “ராத்திரி காவலுக்கு எழுந்தவன் பத்திரமா எடுத்து வெச்சிருந்தான், காலைல குடுத்துட்டான்” என்று கதையை மாற்றினோம். 40 காசும் திரும்பியது. அக்காக்கள் இருவரும் அன்று ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து சீரியல் பார்த்தார்கள்.

சண்டை போய் சலிப்பு வந்தது

இதோடு சுபம் போட்டிருக்கலாம். அடுத்த இரண்டு நாளில் வேறொரு வியாதி வந்தது. இனி ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று முடிவானதும், மூத்தவன் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டான். கெட்டிக்காரப் பையன். யார் முன்னால் போவது, யார் எங்கே நிற்பது, எல்லாம் அவன் சொல்வான். சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. “நீ கதவைத் தொற. நீ மருந்து எடு. நீ சும்மா இரு.” இந்த ‘நீ சும்மா இரு’ எப்போதும் அந்தப் பொடியனுக்குத்தான். அவன் சொன்னபோது பகடை உருட்டுவான், மற்ற நேரம் ஜமக்காளத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருப்பான்.

சண்டையே இல்லை. எந்த ஆபத்தும் வரவில்லை. பார்க்கத்தான் சகிக்கவில்லை. அந்த வழியாகப் போன அம்மா, “ஒருத்தனே எல்லா வேஷமும் கட்டறானே” என்றார்.

எல்லோரும் ஒரே அணியாக ஆடும் போர்டு கேம்களில் இது பழைய பிரச்னை. 2008-ல் வந்த ‘பாண்டமிக்’ விளையாட்டில் நான்கு பேர் சேர்ந்து நோய் பரவலைத் தடுக்க வேண்டும். நன்றாகத் தெரிந்த ஒருவர் இருந்தால் நான்கு பேர் காயையும் அவரே நகர்த்திவிடுவார். ஆபீஸ் மீட்டிங்கிலும் கல்யாணச் சமையல்கட்டிலும் இப்படி ஓர் ஆளைப் பார்க்காதவர்கள் உண்டா? நம் வீடுகளில் ‘அனுசரித்துப் போ’ என்று சொல்கிறபோது, அனுசரிப்பது எப்போதும் ஒரே ஆளாக இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. பெரும்பாலும் அது வயதில் சின்னவர், இல்லையென்றால் பெண்.

மூத்தவனை அதட்டவில்லை. அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வேறு வழி செய்தேன். துண்டுச் சீட்டு எழுதி ஒவ்வொருவருக்கும் தனியாகக் கொடுத்தேன். ‘காற்றில் குதிரை லாடத்தின் சத்தம் உனக்கு மட்டும் கேட்கிறது’ என்று பொடியனுக்கு ஒன்று. ‘இந்தப் பச்சிலையைத் தின்றால் நாய் தூங்கும் என்பது உனக்கு மட்டும் தெரியும்’ என்று வைத்தியச்சிக்கு ஒன்று. மூத்தவனுக்குத் தெரியாத விஷயம் மற்றவர்கள் கையில் இருந்தால் அவன் கேட்டுத்தானே ஆக வேண்டும்? கேட்டான். அப்புறம், “என்ன பண்றீங்க?” என்ற கேள்வியைச் சின்னவனிடமிருந்து தொடங்கினேன். அவன் சொல்லி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. யோசனை வேண்டுமென்றால் அவனே கேட்பான்.

இரண்டாவதுதான் அதிகம் வேலை செய்தது.

பொய்க்கால் குதிரை

கிளம்புவதற்கு முந்தின நாள் கடைசி ஆட்டம். மலைமேல் திருடர் கூட்டத்தின் கொட்டடியில் குதிரை இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். நான் இரவு உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். மரப்பாலம் ஒன்றைத் தாண்ட வேண்டும், பாதியில் பாலம் அறுந்துவிடும், அப்புறம் பெரிய சண்டை. அருமையான பாலம் அது.

“என்ன பண்றீங்க?” என்று பொடியனிடம் கேட்டேன்.

“நா பொய்க்கால் குதிரை கட்டிட்டு அவங்க முன்னாடி போயி ஆடறனுங்.”

“பாலத்துக்குப் போகலையா?”

“எதுக்குங்? அவங்களே கெளம்பி வருவாங்கல்ல, ஆட்டம் பாக்க.”

எனக்கு ஒரு நிமிஷம் வாய்வரை வந்தது, ‘அதெல்லாம் நடக்காது’ என்று. கதை நடத்துகிறவர் தான் எழுதி வைத்த பாதையிலேயே எல்லோரையும் இழுத்துக்கொண்டு போவதை இந்த விளையாட்டில் தண்டவாளம் போடுவது என்பார்கள். மருமகனைக் குறை சொன்ன நான் அதே வேலையைச் செய்யப் பார்த்தேன். மூன்று பக்கத்தையும் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். “உருட்டு” என்றேன். பதினாறு.

அப்புறம் நடந்ததில் என் கை எதுவும் இல்லை. அவன் ஆட ஆரம்பிக்க, காவல்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். “நாய் மட்டும் நவுராம நிக்கும்” என்று மூத்தவன் சொல்ல, வைத்தியச்சி பச்சிலையை எடுத்தாள். ஆனால் அதை நாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் யார் வைப்பது? அவள் திருடனைத் திரும்பிப் பார்த்தாள். “உனக்குத்தான் சத்தமில்லாம நடக்கத் தெரியுமே” என்றாள். முதல் நாள் சண்டைக்குக் காரணமான அதே திறமை. அவன் காது சிவந்துபோனது. பகடையைக் கையில் வைத்து ரொம்ப நேரம் குலுக்கினான்.

எட்டு விழுந்தது. கால் இடறி நாய் குரைத்துவிட்டது. ஒரே கூச்சல். கிடைத்த குதிரையை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார்கள். நீலப் பட்டையைத் தாண்டி, ஆற்றங்கரையில் மூச்சு வாங்க நின்று, நிலா வெளிச்சத்தில் பார்த்தால் அது செவலைக் குதிரை. வேறு குதிரை.

நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரித்ததில் அம்மா வந்து, “மணி பத்தாச்சு, தூங்கறதில்லையா?” என்று விளக்கை அணைத்தார்.

வீட்டில் ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பெரிய செலவு இல்லை. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அடிப்படை விதிகள் ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 20 பக்கப் பகடை இல்லையென்றால் போனிலேயே உருட்டிக்கொள்ளலாம். 1 முதல் 20 வரை சீட்டு எழுதிக் குலுக்கினாலும் போதும். பூதமும் டிராகனும்தான் வேண்டும் என்பதில்லை, உங்கள் ஊர்ச் சந்தையே போதும். முதல் நாளை மட்டும் பேச்சுக்கு ஒதுக்கிவிடுங்கள். அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் பார்த்து நான் மூன்று நாளைத் தொலைத்தேன்.

பசங்க திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் போய்ப் பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. போன வாரம் சின்ன அக்கா போனில் இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். “மாமா, காலாண்டு லீவுக்கு வர்றோம். அந்தச் செவலைக் குதிரையை வித்துடலாம்னு அண்ணன் சொல்றான். விக்கக் கூடாதுன்னு நாஞ் சொல்லிட்டேன். அதுக்குக் கால்ல காயம் இருக்கு, நாந்தான் பாக்கோணும். நீங்க எதுவும் மாத்தி எழுதி வெச்சுராதீங்க.”

குதிரைக்குக் காலில் காயம் என்று நான் சொல்லவே இல்லை.

வெள்ளைக் குதிரை இன்னும் கிடைக்கவில்லை.